பாட்டுக்கும் சம்பளம் உண்டு



பாட்டொலி கேட்காத வீடு நம் தோட்டத்தில் இல்லை எனலாம். முன்னாளில் வானொலிப் பெட்டியும் ஒலிநாடாவும் செய்த வேலையை இந்நாளில் கைத்தொலைபேசியே செய்துவிடுகிறது. ‘அந்தப் பாட்டை இறக்கிவிட்டேன்’ என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களும் பெருமையோடு பேசிக்கொள்கின்றனர். எங்கிருந்து இறக்கினாய், அதற்கு உரியவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. ஆகவே, இணையத்தின் வழி ஒரு பாட்டை முறையாக விலைக்கு வாங்குவது எவ்வாறு என்பதை இவ்வாண்டு மலரில் ஒரு பாடமாக எழுத எண்ணினேன். பிள்ளைகள் இதனைப் படித்துத் தம் பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம்.

ஒலி எண்ணாக மாறிய கதை

1877ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் ஒலியைப் பதிவு செய்து மீண்டும் கேட்கும் கருவியைக் கண்டார். 1887இல் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழி வகுத்தார். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. 1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது.

குறுந்தட்டில்தான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதில் ஒலி பள்ளம் மேடாக வரையப்படாமல் எண்களாக எழுதப்படுகிறது. ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறிக்கிறார்கள். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் இவ்வாறு தனித்தனியே எழுதவேண்டும். நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை இப்படி எழுதினால் அது ஏறத்தாழ 42 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தைப் பயன்படுத்தியோர் அந்த ஒரு பாட்டைப் பெற ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

இக்குறையைத் தீர்த்தவர்கள் ஜெர்மனி நாட்டு அறிவியலார். பிரான்ஹோபர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் மனிதச் செவியின் இயல்பை ஆராய்ந்தனர். நம் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது நம் செவியில் விழுவதில்லை அல்லவா? பெரிய ஒலி சிறிய ஒலியை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு பாட்டிலும் இவ்வாறு மறைந்துபோகும் ஒலிகள் ஏராளம். கேளாத ஒலியை எழுதி வைப்பானேன்? அவற்றை நீக்கி, கேட்கும் ஒலியை மட்டும் எழுதும் முறைக்கு ‘எம்பி3’ என்று பெயர். அதன் விதிமுறை 1993இல் வெளியிடப்பட்டது. 42 மெகாபைட் பாட்டு 4 மெகாபைட்டுக்குள் அடங்கியது. ஒன்றரை மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கியது.

பாட்டு அஞ்சல் தலை அளவுக்குச் சுருங்கியதும் அதனைப் படியெடுப்பது மிக எளிதாயிற்று. 1999இல் அமெரிக்க இளைஞர் ஷான் பேனிங் தொடங்கிய நாப்ஸ்டர் என்னும் சேவையின் வழி, ஒருவர் கணினியில் உள்ள பாட்டை முன்பின் அறியாத மற்றொருவர் காசின்றி எடுத்துக்கொண்டார். இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001இல் நீதிமன்ற ஆணையால் அச்சேவை நின்றது. ஆயினும் கேட்போர் மீது மட்டும் பழி சுமத்துவது நேர்மையாகாது. ஒரே ஒரு பாட்டை விரும்பியவரும் பன்னிரண்டு பாட்டுகள் கொண்ட குறுந்தட்டை முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்த ஒரு பாட்டை நேர்மையாக விற்கும் கடை அந்நாளில் அரிதாக இருந்தது.

அத்தகைய கடையை 2003 ஏப்ரல் 28ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் என்னும் பெயரில் அமெரிக்காவில் திறந்தது. தொடக்கத்தில் அங்கு 2 இலட்சம் பாட்டுகள் இருந்தன. ஒரு பாட்டின் விலை 99 அமெரிக்கக் காசு. முதல் வாரத்திலேயே 10 இலட்சம் பாட்டுகள் விற்றன. நேர்மையான வழி திறந்திருந்தால் மக்கள் அவ்வழியே செல்வர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அக்கடை 2012 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. நம் தமிழ்த் திரைப்பாட்டுகளும் அங்கே கிடைக்கின்றன.

எதைத் திருடினோம்?

இப்பாடத்தை வகுப்பில் நடத்தியபோது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, மாங்காயைப் பறித்தால் மரத்தில் மாங்காய் குறையும். பாட்டை எடுத்தால் பாட்டு அங்கேயே இருக்கிறதே! பிறகு எதைத் திருடினோம்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. பெரியவர்கள் பலரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுவே. ‘திருட்டு பாவம்’ என்று சொல்லி அவனை உட்காரவைப்பது ஆசிரியருக்கு அழகன்று.

செம்பனைக் குலை அறுப்பவர், குலைக் காம்பில் தம் எண்ணை எழுதி வைக்கிறார். எதற்காக? அன்று மாலை எண்ணும்போது இத்தனை குலை இவருடையது என்று கணக்கில் ஏறவேண்டும் என்பதற்காக. அந்த எண்ணை யாரோ அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குலை லாரியில் ஏறிவிடும், ஆலைக்குப் போய்விடும், எண்ணெயும் பிழிந்தாகிவிடும். எவருக்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. அறுத்தவருடைய கணக்கில் மட்டும் அக்குலை இராது. மாதக் கடைசியில் அவர் வீட்டில் தெரியும்.

ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் இவ்வாறே ஓர் எண் உண்டு. எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு குறிகள் கொண்ட அவ்வடையாளம் உலகெங்கும் ஒரே முறையில் வழங்குகிறது. முறையான கடையில் ஒரு பாட்டு விற்கும்போது அந்த அடையாளத்தின் கீழ் ஒன்று என்று கணக்கேறுகிறது. ஐடியூன்ஸ் கடை விலையில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத் தான் வைத்துக்கொண்டு எஞ்சியதை உரிமையாளருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பாடகருக்கும், இசையமைத்தவருக்கும், பாட்டெழுதிய கவிஞருக்கும் அவரவர் ஒப்பந்தப்படி பங்கு செல்லவேண்டும். படம் எடுப்பவரிடம் ஒருமுறை கூலி பெற்றதோடு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் இந்தியத் திரையுலகில் நெடுங்காலம் இருந்தது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பின், கவிஞரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமைத்தொகையைப் பட நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் விற்பனை கணக்கில் ஏறினால்தானே உரிமைத்தொகை! திருட்டுப் படியில் எந்தக் கணக்கும் ஏறுவதில்லை.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: பாட்டு குறையவில்லை, பாட்டுக்காக உழைத்தவரின் கணக்கு குறைந்தது. நம் நாட்டுத் தமிழ்க் கலைஞர்களுக்கு இது இன்னும் கடுமையாகப் படும். இலட்சக்கணக்கான கேட்போர் உடைய திரைப்பாட்டுக்குச் சில நூறு படிகள் போவது தெரியாமல் போகலாம்; சொந்தச் செலவில் ஓர் இசைத்தொகுப்பு வெளியிடும் உள்ளூர்க் கலைஞருக்கு அச்சில நூறுதான் முழு விற்பனையே.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இசையமைப்புக்கான உரிமை, படைத்தவர் வாழ்நாள் முழுதும் அவர் மறைந்தபின் 50 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியிட்டதிலிருந்து 50 ஆண்டு. உரிமையில்லாப் படிகளை விற்பவருக்கு ஒவ்வொரு படிக்கும் 2,000 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இரவுச் சந்தையில் ‘ஆயிரம் பாட்டு’ என்று விரலியில் ஏற்றி விற்பவர் இதனை அறிந்திருக்கவேண்டும்.

வாங்கும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் பெற்றோர் பெயரில் ஒரு கணக்குத் திறக்கவேண்டும். பிள்ளைகள் தாமாகத் திறக்கலாகாது. மின்னஞ்சல் முகவரியும், பணம் செலுத்த ஒரு வழியும் தேவை. ஆப்பிள் கணக்கில் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் வரை சேர்ந்துகொள்ளலாம். பிள்ளை ஒரு பாட்டைத் தொட்டால், ‘வாங்கலாமா?’ என்று பெற்றோரின் கைத்தொலைபேசிக்குக் கேள்வி வரும்படி அமைக்கலாம். இதனை அமைக்காமல் விட்டுவிட்டு மாதக் கடைசியில் பிள்ளையை அடிப்பதில் பயனில்லை.

ஆண்டிராய்டு கைத்தொலைபேசி உடையோர் ஐடியூன்ஸ் கடையில் வாங்க இயலாது. அவர்கள் 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற கடைக்கு இணைய உலாவி வழியே செல்லலாம். தனித்து இயங்கும் கலைஞர்கள் நேரே விற்கும் கடை அது. இசைக்கோப்பு விற்பனையில் 15 விழுக்காட்டை மட்டும் அக்கடை எடுத்துக்கொள்கிறது. விற்பனை கூடினால் 10 விழுக்காடு. கலைஞர் குறித்த விலைக்கு மேல் விரும்பியதைச் சேர்த்துக் கொடுக்கவும் அங்கு இடமுண்டு. திரைப்பாட்டுத் தேடுவோர்க்கு அது உதவாது.

காசு கேட்பதனால் மட்டும் ஒரு கடை நேர்மையானதாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். இரஷ்யாவில் ஆல்ஆஃப்எம்பி3 என்றொரு கடை இருந்தது. அது பாட்டைப் பாட்டுக் கணக்கில் விற்காமல் மெகாபைட் கணக்கில், அதாவது கட்டிப்பாலை நிறுத்து விற்பதைப்போல், மிக மலிவாக விற்றது. அந்தப் பணம் தங்களுக்கு வரவில்லை என்று இசை நிறுவனங்கள் முறையிட்டன. 2007இல் அக்கடை மூடப்பட்டது. அதுபோலவே, இலவசம் என்பதனாலும் ஒன்று திருட்டாகிவிடாது. கலைஞர் தாமே இலவசமாக வழங்கும் பாட்டுகள் உண்டு. உரிமையாளரின் சொந்த யூடியூப் பக்கத்தில் கேட்பதும் முறையானதே. விளம்பரப் பணத்தில் பங்கு அவருக்குப் போகிறது. அங்கிருந்து பாட்டைப் பிய்த்தெடுக்கும் கருவிகளைத்தான் தவிர்க்கவேண்டும்.

இலவசப் பாட்டுத் தளங்களில் மற்றோர் ஆபத்தும் இருக்கிறது. பாட்டுக் கோப்பின் பெயர் ‘எம்பி3’ என்றோ ‘எம்4ஏ’ என்றோ முடியும். நான்கு நிமிடப் பாட்டு 4 முதல் 10 மெகாபைட் வரை இருக்கும். பெயர் ‘ஏபிகே’ என்றோ ‘ஈஎக்ஸ்ஈ’ என்றோ முடிந்தால் அது பாட்டன்று. கருவிக்குள் புகுந்து வேலை செய்யும் நிரல். வங்கிக் கணக்கை வைத்திருக்கும் கைத்தொலைபேசியில் அதனைத் திறப்பது வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும்

பதிவிறக்கம் என்ற ஒரே சொல் இன்று இரு பொருளில் வழங்குவதால் பெற்றோர் பலர் மயங்குகின்றனர். 2013இல் நம் நாட்டுக்கு வந்த ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் மாதக் கட்டணம் செலுத்துவோர், பாட்டை இறக்கி இணையம் இல்லாத இடத்திலும் கேட்கலாம். ஆயினும் அப்பாட்டு அவர்களுடையது அன்று. 30 நாளைக்கு ஒருமுறையேனும் இணையத்தில் இணையவேண்டும்; கட்டணம் நின்றால் இறக்கிய பாட்டும் நின்றுவிடும். கட்டணப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உரிமையாளர்களுக்குச் செல்கிறது. ஆனால் அது எல்லாப் பாட்டுகளுக்கும் பொதுவாகத் திரட்டி, கேட்ட எண்ணிக்கைப்படி பிரிக்கப்படுகிறது. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட ஒலிப்பதிவுக்கு அப்பங்கு கிடைப்பதில்லை. பெருங்கலைஞருக்கு இது ஒன்றுமில்லை. உள்ளூர்ப் பாடகரின் பாட்டைப் பிடித்திருந்தால் வாடகைக்குக் கேட்பதைவிட விலைக்கு வாங்குவதே அவருக்கு உதவி என்பது என் கருத்து. பல புதிய பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க விரும்பும் வீட்டுக்கு மாதச் சேவை சிக்கனமானது; அதில் குற்றமில்லை.

விலைக்கு வாங்கிய பாட்டுகளிலும் ஒரு காலத்தில் பூட்டு இருந்தது. தொடக்கத்தில் ஐடியூன்ஸ் பாட்டு குறிப்பிட்ட சில கணினிகளில் மட்டுமே ஒலித்தது. 2009இல் அப்பூட்டு நீக்கப்பட்டது. பூட்டு எவ்வளவு தொல்லை என்பதை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எம்எஸ்என் இசைக் கடை காட்டியது. பாட்டின் பூட்டுக்குச் சாவி தரும் கணினிகளை நிறுத்தப்போவதாக 2008இல் அது அறிவித்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் திகைத்தனர். எதிர்ப்பெழவே தவணையை 2011 வரை நீட்டித்தது.

ஆதலின், வாங்கிய அன்றே பாட்டுக் கோப்பைக் கணினியில் ஒரு படியும் வீட்டு விரலியில் ஒரு படியுமாகச் சேமித்து வையுங்கள். மின்னஞ்சலில் வரும் பற்றுச்சீட்டை அழிக்காதீர்கள். கணக்கின் கடவுச்சொல்லைத் தாயோ தந்தையோ ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பிறப்புப் பத்திரத்தோடு வைத்திருப்பது நல்லது. கோப்பின் விவரப் பகுதியில் பாடகர், இசையமைப்பாளர் பெயர்கள் சரியாக உள்ளனவா என்று மாணவர்கள் பார்க்கட்டும். கவிஞரின் பெயரைப் பல கடைகள் காட்டாமலே விட்டுவிடுகின்றன. அதனைத் தேடிக் கண்டு நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.