சாயமின்றி மூளையைக் காணல்

முன்னுரை

ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, கீறிய அளவில் கண்ணுக்கு நன்கு புலப்படுவதில்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்த பின்னரே வரிவடிவம் தெளிவாகத் தெரியும். மனித மூளைத் திசுவும் அத்தகையதே. அதனை மெல்லிய சீவலாக அரிந்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், ஏறத்தாழ நிறமற்றே தோன்றும். ஆகவே அறிஞர்கள் திசுவுக்குச் சாயமேற்றிப் பார்த்தனர். சாயமேற்றாமலே காணும் முறைகளும் இன்று வளர்ந்துள்ளன. அவற்றைச் 'சாயமிலா ஒளி நுண்ணோக்கியியல்' என நாம் தமிழில் வழங்கலாம். அவற்றுள் ஒன்றன் இயல்பையும் பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

சாயத்தின் நிறையும் குறையும்

1873 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்கி, வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்பணுக்களைக் கருநிறமாக்கும் முறையைக் கண்டறிந்தார். ஸ்பெயின் நாட்டு அறிஞர் காஹால் அம்முறையைச் செம்மைப்படுத்தி, நரம்பணு ஒவ்வொன்றும் தனித்தனி அலகு என்பதை நிறுவினார். 1906 இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதே ஆண்டில் செருமானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், மறதி நோயுற்று இறந்த பெண்மணி ஒருவரின் மூளையில் தாம் கண்ட படிவுகளையும் இழைமுடிச்சுகளையும் அறிவித்தார். அவற்றைக் காட்டியதும் வெள்ளிச் சாயமே.

எனினும், கோல்கியின் முறையில் மிகச் சில நரம்பணுக்களே நிறம் ஏற்கின்றன. ஏனையவை மறைந்தே நிற்கின்றன. எந்தச் சாயமும் தான் பற்றும் பொருளை மட்டுமே காட்டும். மேலும், சாயமேற்றுமுன் திசுவைப் பதப்படுத்தவோ உறையவைத்து அரியவோ வேண்டும். அதற்குக் காலம் செல்லும்.

மூளைக் கட்டியை அகற்றும் அறுவையில் அக்காலம் அரிய பொருளாகிறது. மிகுதியாக வெட்டினால் நோயாளியின் பேச்சோ அசைவோ பறிபோகலாம். குறைவாக வெட்டினால் கட்டி மீண்டும் தழைக்கலாம். எடுத்த திசு ஆய்வகம் சென்று, உறைந்து, சாயமேறி, வல்லுநரின் விடை திரும்ப 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. அதுவரை, திறந்த மண்டையோட்டின் அருகே மருத்துவர் காத்திருக்க வேண்டும்.

இராமன் விளைவு

இச்சிக்கலுக்கு வழிகாட்டியது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்த உண்மையாகும். ஒளி, மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுங்கால் அதன் சிறு பகுதி நிறம் மாறுகிறது. மாற்றத்தின் அளவு அம்மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. கொழுப்புக்கு ஓர் அதிர்வு; புரதத்துக்கு மற்றோர் அதிர்வு. ஆகவே, ஒவ்வொரு பொருளும் தன் அடையாளத்தைத் தானே அறிவிக்கிறது. ஆயின், இவ்வாறு மாறும் ஒளித்துகள் ஏறத்தாழக் கோடியில் ஒன்றே. விரைந்து படமெடுக்க அது போதாது.

இக்குறையை நீக்கியது 'தூண்டிய இராமன் சிதறல்' என்னும் முறை. இதில் இரு லேசர் கற்றைகள் ஒரே புள்ளியில் பாய்ச்சப்படுகின்றன. அவற்றின் அதிர்வெண் வேறுபாடு, தேடும் மூலக்கூறின் அதிர்வோடு ஒத்துவரும்போது, ஒரு கற்றை சிறிது வலிமை இழக்க, மற்றது அதனைப் பெறுகிறது. அச்சிறு மாற்றத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து கணிப்பொறி படமாக்குகிறது. 2008 இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை உயிர்த்திசுவைக் காணும் நுண்ணோக்கியாக்கினர்.

மூளையின் வெண்பொருள் கொழுப்பு மிகுந்தது. கட்டி படர்ந்த இடத்திலோ உயிரணுக்கள் நெருங்கிப் பெருகுகின்றன. கொழுப்புக் குறைந்து, புரதத்தின் விகிதம் மிகுகிறது. இவ்வேறுபாடே சாயத்தின் பணியைச் செய்கிறது.

அறுவைக் கூடத்தில்

2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதன் பயனைத் தெளிவாக்கியது. மூன்று மருத்துவ நிலையங்களில் 278 நோயாளிகளின் திசுக்கள் சோதிக்கப்பட்டன. ஒருபுறம், சாயமிலாப் படங்களைப் பயிற்சி பெற்ற கணிப்பொறி படித்தது; மறுபுறம், வழக்கமான சாயத் திசுவை வல்லுநர்கள் படித்தனர். கணிப்பொறியின் துல்லியம் 94.6 விழுக்காடு, வல்லுநர்களின் துல்லியம் 93.9 விழுக்காடு. கணிப்பொறி வழியின் விடை 150 விநாடிக்குள் கிட்டியது. கணிப்பொறி பிழைத்த இடங்களில் வல்லுநர் சரியாக உரைத்தனர். வல்லுநர் பிழைத்த இடங்களில் கணிப்பொறி சரியாக உரைத்தது. எனவே கருவி அறிஞருக்கு மாற்றன்று. துணையே எனத் துணியலாம்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. ஒளி, திசுவின் மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிய ஆழமே ஊடுருவும். லேசர் கருவிகளின் விலையும் மிகுதி.

முடிவுரை

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கிறது என்று, பதினோராம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில் விளக்கினார் இப்னுல் ஹைதம். நாம் ஏற்றும் நிறத்தை நம்பாமல், பொருள் தானே தரும் ஒளியைக் கேட்டறிவது அந்நெறியின் தொடர்ச்சி எனலாம்.

மாணவர்க்கு ஒரு சொல். அறுவைக் கூடத்திற்கு வெளியே கையேந்தி துஆச் செய்து நிற்கும் தாய்க்கு, உள்ளே நடப்பதை அவர் மொழியில் விளக்கச் சொற்கள் வேண்டும். அச்சொற்களை அறிவியல் துறையினரோடு அமர்ந்து ஆக்கித் தருவது தமிழ்த் துறையின் கடமையாகும். அக்கடமையை நாம் இன்றே மேற்கொள்வோமாக!