சூப்பர்வைசரின் செல்லப்பிள்ளை

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் போய் உட்காரப்போவது சூப்பர்வைசர் நாற்காலியில்தான். அதனால் பயிற்சிக் காலத்தில் நான் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

சாண்ட்விச் கோர்ஸில் 6 மாதப் பயிற்சிக்கு ஒரு தொழிற்சாலையின் மெஷின் ஷாப்புக்குப் போனோம். நாங்கள் நாலு பேர். சூப்பர்வைசருக்கு ஏனோ என்னைப் பிடித்துவிட்டது. எனக்கு லேத், மற்ற மூவருக்கும் பிசிறு தேய்ப்பது, ஸ்டோருக்கு நடப்பது. டீ நேரத்தில் நான் அவர் கேபினில்! பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

ஒருநாள் 7 கன்மெட்டல் புஷ் போரிங் செய்யக் கொடுத்தார். முதல் புஷ் அளவு சரி. அந்த தைரியத்தில் டயலை நம்பி மற்றதையும் ஓட்டினேன். 5 புஷ் ஓவர்சைஸ், ரிஜெக்ட். அந்த லேத்தில் டயல் ஸ்க்ரூ லூசாகி நழுவும் என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும், என் மூன்று நண்பர்களுக்கும்கூட! பக்கத்து மெஷின் அண்ணனிடம், "ஏண்ணே சொல்லல?" என்றேன். "நீ சாரோட ஆளு. அவர்ட்டயே கேட்டிருக்கலாமே தம்பி" என்றார்.

கல்லூரிக்குத் திரும்பியபின் இதைப்பற்றிப் படித்தேன். ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1963-ல் எழுதினார்: மனிதன் தன் உழைப்பையும் அதன் பலனையும் பக்கத்திலிருப்பவனுடையதோடு ஒப்பிட்டுத்தான் நியாயம் பார்க்கிறான். 1975-ல் டான்செரோ, கிரேன், ஹாகா மூவரும் இன்னொன்றைச் சொன்னார்கள்: மேலதிகாரி எல்லோரிடமும் ஒரே மாதிரி பழகுவதில்லை. சிலருக்கு நம்பிக்கையும் சுதந்திரமும். மற்றவர்களுக்கு வெறும் உத்தரவு.

நான் கண்டது, அந்தக் கோபம் மேலே போகாது, பக்கவாட்டில்தான் பாயும். சூப்பர்வைசர் சொன்ன வேலையை மறுத்தால் மெமோ வரும். தெரிந்ததைக் கூட இருப்பவனிடம் சொல்லாமல் விட்டால் எந்த மெமோவும் கிடையாது. வேறுபாடு காட்டுவதே தப்பு என்றும் சொல்லமாட்டேன். கைதேர்ந்த வெல்டருக்கு பாய்லர் வேலையைக் கொடுத்தால் யாரும் முணுமுணுப்பதில்லை. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. என் விஷயத்தில் காரணம் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது.

மறுநாள் சூப்பர்வைசரிடம், லேத்தை வாரம் ஒருவராக மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். "உனக்கென்னடா கஷ்டம்?" என்றார். பிறகு சம்மதித்தார். அடுத்த திங்கட்கிழமை அந்த அண்ணனே ஆலன் கீயோடு வந்து, ஸ்க்ரூவை முறுக்கி, நாலு பேருக்கும் காட்டிக் கொடுத்தார். இரண்டு நண்பர்கள் பழையபடி பேசுகிறார்கள். மூன்றாமவன் இன்னும் "ம்" என்பதோடு சரி.