வாய்க்காலோரத்து வயல் மனையாகும் முன்

மாதனூர்ப் பக்கம் நெடுஞ்சாலைக்கும் பாலாற்றுக்கும் இடையிலுள்ள நிலம் ஒரே நாளில் மனையாகிவிடுவதில்லை. வாய்க்கால் தலைப்பில் ஒருவர் விற்கிறார். வாங்கியவர் கல் நட்டு வாய்க்காலைத் தூர்க்கிறார். கடைமடைக்காரருக்குத் தண்ணீரும் போச்சு, வண்டித் தடமும் போச்சு, அவரும் விற்கிறார். ஆகவே நிலத்தைக் காக்கும் வேலையை அலுவலகத்தில் தொடங்காதீர்கள், பக்கத்து வயலில் தொடங்குங்கள்.

முதலில் கணக்கு. அரசின் இணையச் சேவையில் அ-பதிவேடும் புல வரைபடமும் கிடைக்கும். ஏரி, ஓடை, மேய்க்கால், வண்டிப்பாதை என்று புறம்போக்கு சர்வே எண்களைத் தனியே எழுதிக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பாருங்கள். பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால்களைக் கட்டாயம் குறியுங்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் வழக்கமே காவல்.

பிறகு ஒரே வாய்க்காலில் பாயும் நிலக்காரர்களைக் கூட்டுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களைப் போனிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள். விற்காதே என்று யாரையும் கேட்காதீர்கள். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் அந்த நிலம்தான் கைகொடுக்கிறது. கேட்க வேண்டியவை இரண்டு. விற்பதானால் முதலில் பக்கத்து நிலக்காரரிடம் சொல்ல வேண்டும். யார் வாங்கினாலும் வாய்க்காலும் பாதையும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டாவதை வக்கீலைக் கொண்டு எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டால் வாங்க வருபவருக்கும் தெரிந்துவிடும். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறையில் நிற்காது.

இந்தப் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் உப்பேறிய நிலத்தை ‘விளையாத நிலம்’ என்று சொல்லித்தான் மலிவாகக் கேட்பார்கள். மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்காமல் முன்பணம் வாங்காதீர்கள். உப்பு மட்டும் என்றால் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மெல்லத் தேற்றலாம். குரோமியம் இருந்தால் அது இதனால் தீராது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. பாலாற்றுப் பகுதி மக்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. கெட்ட மண்ணுக்கு நியாயம் கேட்பது அத்தனை நீண்ட வேலை. கெடாத மண்ணை இப்போதே காப்பது அதைவிட எளிது.

தரிசாகக் கிடக்கும் துண்டுகளை ஒன்றுசேர்க்கவும் வழி இருக்கிறது. கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், 10 முதல் 15 ஏக்கர் தொடர்ச்சியான தரிசைத் தொகுப்பாக்கி, குறைந்தது 8 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால், ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர் வசதியும் அமைத்துத் தருகிறார்கள். வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.

முதலில் எழுதிக்கொண்ட சர்வே எண்களின் பட்டியல் தயாரானதும் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ‘இயற்கையைக் காப்போம்’ என்ற பொதுத் தீர்மானத்தால் பயனில்லை. சர்வே எண், பரப்பு, இன்றைய பயன்பாடு மூன்றும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். பதிவேட்டில் எழுதி முடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். திட்டப் பகுதிக்குள் வராத இடத்தில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவுப்படி அனுமதி வேண்டும். நன்செய்க்கு ஆட்சியரின் இசைவும் வேண்டும். விண்ணப்பம் வருவதற்கு முன்பே உங்கள் பட்டியல் கோப்பில் இருப்பது நல்லது.

அப்படியும் மனைப்பிரிவு வந்தால் ஒதுங்கிவிடாதீர்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாக 10 சதவீத இடத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தந்தாக வேண்டும். அந்த இடம் ஏரிக்கரையையோ வாய்க்காலையோ ஒட்டி அமையட்டும் என்று, வரைபடம் ஒப்புதலாகும் முன்பே ஊராட்சி மூலம் எழுதிக் கொடுங்கள்.