பின் ஸ்பிரிங் பட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

தளம் போடும் ஒப்பந்தக்காரரின் பிக்கப் வண்டிக்கு இரட்டை வேலை. தொட்டி நிறைய சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் சுமக்க வேண்டும், பின்கொக்கியில் மிக்சர் மெஷினையும் இழுக்க வேண்டும். எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் அதே வண்டி வெறும் தொட்டியோடு திரும்பும். இப்படிப்பட்ட வண்டி பின்னால் உட்கார ஆரம்பித்ததும் பட்டறைக்குப் போய், "இன்னொரு பட்டை சேர்த்துக் கட்டிடுங்கண்ணே" என்பதுதான் வழக்கம். அதற்கு முன் எடைமேடைக்குப் போங்கள்.

வழக்கமான பாரத்தை ஏற்றி, மெஷினையும் மாட்டிக்கொண்டு போக வேண்டும். முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறியதும் ஓர் எடை. பின்சக்கரங்களும் ஏறி, மெஷினின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கும்போது இன்னோர் எடை. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் வருவதுதான் பின் அச்சின் பாரம். மெஷினைக் கழற்றிவிட்டு ஒருமுறையும், வெறும் வண்டியாக ஒருமுறையும் இதேபோல் எடுத்து எழுதி வையுங்கள்.

கொக்கியில் விழும் எடை அப்படியே பின் அச்சுக்குப் போவதில்லை, கூடிப் போகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் என்றால், கொக்கியில் அழுத்தும் 100 கிலோ பின் அச்சில் 140 கிலோவாக இறங்கும். மிச்சமுள்ள 40 கிலோ முன்சக்கரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ஸ்டீயரிங் லேசாவது இதனால்தான். ஜாக்கிகளையும் ஷீட்டுகளையும் கேபின் பக்கமாக நெருக்கி அடுக்கினாலே பாதிப் பேருக்குப் புதுப் பட்டை தேவைப்படாது என்பது என் எண்ணம்.

இப்போது அந்த எடைகளை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் பட்டை தேடும் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு கனமான பட்டை போட்டாலும் அச்சு, பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவையே. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் தொட்டியில் உட்கார்ந்து வரும் கூலியாட்களின் கதி என்ன?

எடை வரம்புக்குள் இருந்தும் வண்டி உட்காருகிறதென்றால் பழைய பட்டையைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிசெய்து, சக்கர நடுவிலிருந்து தொட்டி விளிம்பு வரை இருபுறமும் அளக்க வேண்டும். சென்டர் போல்ட் துளையருகே விரிசல், தேய்ந்த புஷ், தளர்ந்த யு போல்ட் உண்டா என்று தேடுங்கள். பட்டை களைத்துப்போயிருந்தால் கம்பெனி அளவிலேயே புதுக் கட்டு வாங்குவதுதான் சரி. பழையதைச் சூடுகாட்டி வளைத்துத் தருவது மலிவு. ஆனால் முறையாகப் பதம் ஏற்றாத ஸ்பிரிங் எஃகு வளைவைத் தாங்காது, சீக்கிரமே மறுபடி உட்காரும்.

பட்டை நல்ல நிலையில் இருந்தும் போதவில்லை என்றால்தான் கூடுதல் பட்டை. இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரே தடிமனுள்ள 5 பட்டைகளோடு அதே நீளத்தில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். எண்ணிக்கையை மாற்றாமல் 8 மில்லிமீட்டர் பட்டைகளுக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டைகளைப் போட்டாலோ, விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் விறைப்பு ஏறுவதே காரணம். "கொஞ்சம் கனமாப் போட்டுரலாம்" என்ற பேச்சுக்கு உடனே தலையாட்டாதீர்கள்.

நாள் முழுக்கப் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு விறைப்பான கட்டு பொருந்தும். போகும்போது பாரம், வரும்போது காலி என்றால் ஹெல்பர் பட்டையே நல்லது. பாரம் ஏறி, கட்டு ஓரளவு இறங்கிய பிறகுதான் அது தாங்க ஆரம்பிக்கும், காலி வண்டியைக் குதிக்கவைக்காது. மாதத்தில் ஒருநாள் வரும் பெரிய பாரத்துக்காக விறைப்பைக் கூட்டினால், மழை ஈரத்தில் காலி வண்டியின் பின்சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் தரையை விட்டு எழும். பாராபோலிக் பட்டை உள்ள வண்டியில் சாதாரணப் பட்டையைச் செருகவே கூடாது. பாராபோலிக் பட்டைகள் நடுவிலும் நுனியிலும் மட்டும் தொடும்படி செய்யப்பட்டவை.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். யு போல்ட் புதிதாக இருக்கட்டும். பட்டை கூடினால் நீளமான யு போல்ட் வேண்டும். புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது இறுதியாக முறுக்க வேண்டும்.

பட்டறைகளில் அதிகம் மறந்துபோவது பிரேக் வால்வு. பல பிக்கப்புகளில் பின் அச்சோடு கம்பியால் இணைத்த வால்வு ஒன்று உண்டு. வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் தருவது அது. விறைப்பான பட்டை போட்டால் பாரத்திலும் வண்டி குறைவாகவே இறங்கும். வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை மாற்றிய அன்றே அந்த வால்வைக் கம்பெனி சர்வீஸில் சரிசெய்து, ஹெட்லைட் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி முறுக்குவது கட்டாயம்.