ரெட்டிட் படிக்க நமக்கென்று ஒரு வாசல்



நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு எரர். தேடிப் பார்த்தா, அதே எரருக்கு ரெட்டிட்ல யாரோ பதில் எழுதி வச்சிருக்காங்க. போன்ல திறந்தா, ஆப்பில் திறக்கச் சொல்லி ஒரு பெட்டி வந்து திரையை மறைக்குது. சரின்னு ஆப்புக்குள்ள போனா, அரை மணி நேரம் கழிச்சு வேற எதையோ ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்கோம். எரர் அப்படியே இருக்கு!

நமக்குத் தேவை அந்த நாலு வரிதான். அதை மட்டும் வாங்கித் தருவதுதான் மாற்று ஃப்ரன்ட் எண்ட்.

எப்படி வேலை செய்கிறது?

பதிவுகள் இருப்பது ரெட்டிட் சர்வரில். நாம் பார்ப்பது அதன் முகப்பை. மாற்று ஃப்ரன்ட் எண்ட் முகப்பை மட்டும் மாற்றுகிறது. யூடியூபுக்கு இன்விடியஸ், ட்விட்டருக்கு நிட்டர், ரெட்டிட்டுக்கு ரெட்லிப். மூன்றுமே ஓப்பன் சோர்ஸ்.

ரெட்லிப் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. நீங்கள் கேட்கும் பதிவை உங்கள் பிரவுசருக்குப் பதிலாக அதுவே ரெட்டிட்டிடம் வாங்கி, விளம்பரம் இல்லாத எளிய பக்கமாக மாற்றித் தரும். படங்களும் அதன் வழியாகவே வரும். கமெண்ட் போட முடியாது, ஓட்டு போட முடியாது. படிக்க மட்டும்தான்.

நாமே நிறுவுவது எப்படி?

1. பழைய லேப்டாப் போதும். லினக்ஸும் டாக்கரும் போட்டுக்கோங்க.
2. ரெட்லிப் ரெப்போவில் மாதிரி கம்போஸ் ஃபைல் இருக்கு. அதை எடுத்து, போர்ட்டை 127.0.0.1 முகவரிக்கு மட்டும் கட்டுங்க. இல்லன்னா அதே நெட்வொர்க்கில் இருக்கிற யாரும் திறக்கலாம். "யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் இருக்கே"ன்னு நம்பாதீங்க. டாக்கர் திறந்துவிடும் போர்ட் அந்த விதிகளைத் தாண்டிப் போயிடும்.
3. கன்டெய்னரை ஓடவிட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 8080 திறங்க.
4. லிப்ரீடைரக்ட் எக்ஸ்டென்ஷனில் இந்த முகவரியைக் கொடுத்தா, ரெட்டிட் லிங்க் எல்லாம் தானா இங்கே திரும்பும்.

அப்போ நம்மை யாரும் பார்க்க முடியாதா?

இங்கேதான் பலர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. ரெட்டிட்டின் குக்கியும் ஸ்கிரிப்டும் உங்கள் பிரவுசரைத் தொடாது, உண்மை. ஆனால் ரெட்லிப் உங்கள் லேப்டாப்பில் ஓடினால், ரெட்டிட்டுக்குத் தெரிவது உங்கள் இணைப்பின் ஐபி முகவரிதான். வேறொருவர் நடத்தும் பொது சர்வரைப் பயன்படுத்தினால், கூட்டத்தோடு கூட்டமாக உங்கள் ஐபி மறையும். ஆனால் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதை அந்த சர்வர் நடத்துபவர் நினைத்தால் பார்க்கலாம். நம்பிக்கை வைக்க வேண்டிய தேவை எங்கும் போகவில்லை. யாரை நம்புவது என்பதுதான் மாறுகிறது. ஹாஸ்டல் நண்பர்களுக்காக நீங்களே ஒன்று நடத்தினால், அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். தேவையில்லாத லாக் வைக்காதீங்க.

இது நிரந்தரமா?

இல்லை. 2023 ஜூலை 1 முதல் ரெட்டிட், லாகின் டோக்கன் இல்லாத ஏபிஐ கோரிக்கைகளை நிமிடத்துக்கு 10 என்று சுருக்கியது. லிப்ரெட்டிட் என்ற பழைய திட்டம் திணறியது. அதிலிருந்து கிளைத்த ரெட்லிப், ரெட்டிட்டின் ஆண்ட்ராய்டு ஆப் போலத் தன்னைக் காட்டிக்கொண்டு பதிவுகளை வாங்குகிறது. ரெட்டிட் இதை விரும்பாது, எந்த நாளும் அடைக்கலாம். பலர் பயன்படுத்தும் பொது சர்வர்கள்தான் பெரும்பாலும் முதலில் அடிவாங்கும். நிட்டருக்கும் 2024 ஜனவரியில் இதே கதி. விருந்தினர் கணக்கு வழி மூடப்பட்டதால், இப்போது அதை நடத்த உண்மையான ட்விட்டர் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கே முடக்கப்படலாம், அதனால் உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுத்துடாதீங்க.

அப்போ எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ரிவர்ஸ் ப்ராக்ஸி, கன்டெய்னர், ரேட் லிமிட் எல்லாம் சிலபஸில் வெறும் வரையறைதான். ஒருநாள் உங்க ரெட்லிப் நின்னு போய், லாக்கைத் திறந்து 429 என்ற எண்ணைப் பார்க்கும்போது ரேட் லிமிட்னா என்னன்னு மறக்கவே மறக்காது.

இந்த சனிக்கிழமை முயற்சி பண்ணிப் பாருங்க. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி மட்டும் வேண்டாம்!