டாக்டர் ‘ரெஸ்ட்’ என்று சொன்னால்

கர்ப்பிணிகளிடம் டாக்டர்கள் “ரெஸ்ட் எடும்மா” என்று சொல்வதை நம் வீடுகளில் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறோம். சில வீடுகளில் பெண்ணைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. வேறு சில வீடுகளில், “குனிஞ்சு நிமிர்ந்து வேலை பார்த்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்” என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணி வாரத்தில் 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடலுழைப்பு செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. சிக்கல் உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எந்தச் சிக்கல் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

நஞ்சுக்கொடி கீழே இருந்து ரத்தம் பட்டால் பாரம் தூக்குவது, குத்தவைத்து வேலை செய்வது, தாம்பத்தியம் மூன்றும் கூடாது. நஞ்சு கர்ப்பவாயை முழுவதும் மூடியிருந்தால், எத்தனை முறை வீடு பெருக்கினாலும் சுகப்பிரசவம் நடக்காது, ஆபரேஷன்தான். மாமியார்மார் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘கீழே இருக்கு’ என்று வந்ததற்காகப் பயந்துவிடவும் வேண்டாம். கர்ப்பப்பை வளர வளரப் பலருக்கு நஞ்சு மேலே போய்விடும். மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். சர்க்கரை மட்டும் உள்ளவருக்கோ நிலைமை நேர்மாறு: சாப்பிட்டபின் சிறிது நடப்பதே மருந்து போல உதவும்.

முழுநேரமும் படுத்தே கிடந்தால் குறைப்பிரசவம் தடைபடும் என்பதற்குச் சான்று இல்லை. கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதில் உறையும். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தக்கட்டி உண்டாகும் அபாயம் கூடும். தசையும் தளர்ந்துபோகும், மனமும் சோர்ந்துபோகும். ஆகவே, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் விவரமாகக் கேளுங்கள்: மாடி ஏறலாமா? எவ்வளவு நேரம் நிற்கலாம்? குடம் தூக்கலாமா? பஸ்ஸில் போகலாமா?

நடக்கவே கூடாது என்றாலும் பெரும்பாலும் செய்யக்கூடியவை உண்டு. பாதத்தை மேலும் கீழுமாக அசைப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, உட்கார்ந்தபடி தோளையும் கையையும் அசைப்பது, மூச்சை அடக்காமல் நிதானமாக இழுத்து விடுவது. இவற்றையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள். படுக்கும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். ருகூஃ, ஸுஜூது செய்ய முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். மார்க்கம் தந்த சலுகைதான் இது, இதில் கூச்சப்பட எதுவுமில்லை.

ரத்தம் படுதல், நீர் கசிதல், விட்டுவிட்டு வயிறு இறுகுதல், கடும் தலைவலியோடு கண் மங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், பிள்ளை அசைவு குறைதல் — இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்லவேண்டும். 2023 டிசம்பர் மழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனிலேயே சிக்கிக்கொண்டது, ரோடும் துண்டானது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நாள் நெருங்கும் சிக்கலான கர்ப்பிணிகள், தூத்துக்குடியிலோ பாளையங்கோட்டையிலோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே போய்விடுவது பற்றி டாக்டரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் தாய்சேய் அட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.