ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: மின்கம்பி எட்டாத வீட்டுக்கு ஒரு சூரிய மின்கணக்கு

பூன் லே பக்கம் உயரமான ஒரு புளோக்கின் மேல்மாடியில் நின்று பார்த்தால், மேற்கு வட்டாரத்தின் கூரைகள் பலவற்றில் சூரிய மின்தகடுகள் வரிசையாகப் படுத்திருப்பது தெரியும். 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தின் கீழ், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தீவெங்கும் இத்தகைய தகடுகளைப் பொருத்தி வருகிறது. பகலில் மின்தூக்கிகளும் நடைபாதை விளக்குகளும் நீரேற்று இயந்திரங்களும் இவற்றின் மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன. மிஞ்சுவது பொது மின்கட்டமைப்புக்குப் போகிறது. இரவில் அதே கட்டமைப்பிலிருந்து மின்சாரம் வருகிறது. ஆகவே இத்தகடுகளுக்குக் கணக்கு எளிது. கூரையில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவும் போடலாம். குறைந்தாலும் கூடினாலும் கட்டமைப்பு பார்த்துக்கொள்ளும்.

இக்கட்டுரை அத்தகைய துணை இல்லாத வீட்டைப் பற்றியது. மின்கம்பி எட்டாத இடத்தில், சூரியனை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ வேண்டுமானால் எத்தனை தகடு, எத்தனை பேட்டரி, எவ்வளவு பெரிய இன்வர்ட்டர் தேவை? நான்கு கணக்கு தெரிந்த எவரும் ஒரு தாளில் போட்டுவிடக் கூடிய விடை இது.

யாருக்கு இந்தக் கணக்கு?

சிங்கப்பூரில் இது தேவைப்படாது என்று எண்ண வேண்டாம். புலாவ் உபின் தீவுக்குப் பெருந்தீவின் மின்கட்டமைப்பு எட்டவில்லை. அங்குள்ளவர்கள் நெடுங்காலம் ஆளுக்கொரு டீசல் இயந்திரத்தை ஓட்டி வந்தார்கள். 2013 அக்டோபரில் எரிசக்திச் சந்தை ஆணையம் அங்குப் படகுத்துறையை ஒட்டிய பகுதியில் சூரிய மின்சாரத்தையும் சேர்த்து இயங்கும் சிறு மின்கட்டமைப்பு ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கியது. பூன் லேயிலிருந்து 179ஆம் எண் பேருந்தில் போனால் வரும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், புலாவ் செமாக்காவில் இதே வகை ஆய்வைப் பெரிய அளவில் நடத்துகிறது. தென்கிழக்காசியாவின் எண்ணற்ற தீவுகளுக்கு உதவக்கூடிய ஆய்வு அது.

எனக்கு இக்கேள்வி வேறு வழியாக வந்தது. ஜூரோங், துவாஸ் பகுதிகளில் வேலை செய்யும் நம் ஊர்த் தொழிலாளர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பூன் லேயில் கூடுவார்கள். அவர்களில் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். அவருடைய தோட்டத்து வீட்டுக்கும் கடைசி மின்கம்பத்துக்கும் வெகுதூரம். ஊரில் ஒரு விற்பனையாளர் அனுப்பிய விலைப்பட்டியலைக் கைப்பேசியில் காட்டி, "தம்பி, ஒரு கிலோவாட் போட்டா வீடு பூரா ஓடும்கிறாங்க. பணம் அனுப்பலாமா?" என்று கேட்டார். பட்டியலில் 1,000 வாட் தகடுகளும், 12 வோல்ட் 150 ஆம்பியர்மணி பேட்டரி ஒன்றும் இருந்தன. "அண்ணே, ராத்திரி எத்தன ஃபேன், எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டேன். பட்டியல் போட்டவர் அதைக் கேட்கவே இல்லையாம். பல மாதச் சேமிப்பு அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டையே நமக்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதற்படி: செலவை எழுதுக

வாட், வாட்மணி என்னும் இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். குழாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது வாட். குடத்தில் எவ்வளவு நிரம்பியது என்பது வாட்மணி. 1,000 வாட்மணி சேர்ந்தால் நாம் கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட். "ஒரு கிலோவாட்" என்று விற்பவர் குழாயின் பருமனைச் சொல்கிறார். வீட்டுக்குத் தேவை எத்தனை குடம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் தேவை இதோ:

எல்.இ.டி. விளக்கு: 4 × 9 வாட் × 5 மணி = 180 வாட்மணி
பி.எல்.டி.சி. மின்விசிறி: 2 × 30 வாட் × 9 மணி = 540
தொலைக்காட்சி: 40 வாட் × 3 மணி = 120
கைப்பேசிகள்: 60
மிக்சி: 500 வாட் × 12 நிமிடம் = 100

மொத்தம் 1,000 வாட்மணி.

மிக்சி 500 வாட் என்றாலும் நாளுக்கு 100 வாட்மணிதான் தின்கிறது. 30 வாட் மின்விசிறிகளோ பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. பெரிதாக இரைவதை விட்டுவிட்டு, நெடுநேரம் ஓடுவதைக் கவனிக்க வேண்டும். பழைய வகை 75 வாட் மின்விசிறிகள் இருந்தால் அவை மட்டுமே 1,350 வாட்மணி கேட்கும். மொத்தம் 1,810 ஆகிவிடும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மோசமான மாதத்தைப் பிடிக்க

சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற அளவில் வெயில் ஒரு மணி நேரம் விழுந்தால் அதை ஓர் உச்ச வெயில் மணி என்பார்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,580 கிலோவாட்மணி வெயில் விழுகிறது. 365ஆல் வகுத்தால் நாளுக்கு 4.3 மணி. தமிழ்நாட்டில் சராசரி 5 மணிக்கு மேல். ஆனால் சராசரியை நம்பிக் கட்டிய வீடு ஐப்பசி, கார்த்திகையில் இருண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் மூடிக் கிடக்கும். எனவே புதுக்கோட்டைக்கு 4 மணி என்றே கணக்கிடுவோம்.

மூன்றாம் படி: தகடு

தகட்டில் எழுதியிருக்கும் வாட் அளவு, 25 பாகை வெப்பத்தில் ஆய்வகத்தில் அளந்தது. நம் வெயிலில் தகடு 50, 60 பாகைக்குச் சூடேறும். ஒவ்வொரு பாகைக்கும் திறன் சிறிது குறையும். தூசும் படியும். இதில் ஐந்தில் ஒரு பங்கு போகும். ஈய அமில பேட்டரி, இன்வர்ட்டர், கம்பி ஆகியவற்றில் மேலும் கால் பங்கு போகும். கடைசியில் நூற்றுக்கு அறுபதுதான் வீட்டுக்கு வந்து சேரும்.

1,000 ÷ 0.6 ÷ 4 = 417 வாட்.

சந்தையில் இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 540 வாட் தகடு ஒன்றே போதும். அதைத் தெற்கு நோக்கி, ஏறத்தாழ 10 பாகைச் சாய்வில், ஒரு தென்னங்கீற்றின் நிழல்கூட விழாத இடத்தில் பொருத்த வேண்டும். தகட்டின் சிறு பகுதியில் நிழல் விழுந்தாலும் இழப்பு அந்தப் பகுதியோடு நிற்காது. உள்ளே சிற்றறைகள் தொடராக இணைந்திருப்பதே காரணம்.

நான்காம் படி: பேட்டரி

இரண்டு நாள் வெயிலே இல்லாமல் போனாலும் வீடு ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 2,000 வாட்மணி. இன்வர்ட்டர் இழப்புக்காக 0.9ஆல் வகுத்தால் 2,222. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். ஆகவே 0.5ஆல் வகுக்க வேண்டும்: 4,444 வாட்மணி. 24 வோல்ட்டால் வகுத்தால் 185 ஆம்பியர்மணி. அதாவது 12 வோல்ட் 200 ஆம்பியர்மணி பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியானால் 80 விழுக்காடு வரை எடுக்கலாம். 24 வோல்ட்டில் 120 ஆம்பியர்மணி போதும். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல்.

இப்போது அண்ணனின் விலைப்பட்டியலைப் பாருங்கள். அந்த ஒற்றை பேட்டரியிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 12 × 150 × 0.5 × 0.9 = 810 வாட்மணி. ஒரு நாளைக்கே பற்றாது. தகடுகளோ தேவைக்கு இரு மடங்கு. நண்பகலில் அவை தள்ளும் 80 ஆம்பியருக்கு நெருங்கிய மின்னோட்டத்தைச் சிறிய பேட்டரி தாங்கவும் மாட்டாது. கண்ணுக்குத் தெரியும் தகட்டில் பணம் போய், இரவைக் காக்கும் பேட்டரியில் கஞ்சத்தனம் நடந்திருக்கிறது.

ஐந்தாம் படி: மீண்டு வரும் வலிமை

பாடநூல் கணக்குகள் பல இங்கே நின்றுவிடும். நான் முக்கியமாகக் கருதுவது இதற்கு அடுத்த கேள்வியை: இரண்டு நாள் மழையில் பேட்டரி இறங்கிவிட்டது, மீண்டும் நிரம்ப எத்தனை நாள் ஆகும்?

கணக்குப்படி சரியாக 417 வாட் தகடு போட்டிருந்தால் மோசமான மாதத்தில் அது ஒருபோதும் நிரம்பாது. வருவது முழுவதும் அன்றைய செலவுக்கே சரியாகப் போய்விடும். 540 வாட் தகடானால் 540 × 4 × 0.6 = 1,296. அன்றைய செலவு போக 296 மிச்சம். ஏழு நாளில் நிரம்பிவிடும். 5.5 மணி வெயில் கிடைக்கும் நல்ல மாதத்தில் மிச்சம் 782. மூன்றாம் நாளே நிரம்பும். ஈய அமில பேட்டரி அரைகுறையாகவே நாட்கணக்கில் கிடந்தால் உள்ளே உப்புப் படிந்து கெடும். ஆகவே பேட்டரியைப் பெரிதாக்கினால் தகட்டிலும் அதற்கேற்ற உபரி வேண்டும். இரண்டும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.

ஆறாம் படி: இடையில் நிற்பவை

540 வாட்டை 24ஆல் வகுத்தால் 22.5 ஆம்பியர். கால் பங்கு கூட்டினால் 28. எனவே 30 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். இத்தகைய பெரிய தகடு 40 வோல்ட் அளவில் இயங்குவது. திறந்த நிலையில் 50 வோல்ட்டை எட்டும். பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர் அதைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை வீணாக்கும். எம்.பி.பி.டி. வகையே பொருந்தும், உள்வாங்கும் எல்லை 100 வோல்ட் இருக்கட்டும்.

எல்லாமே ஒரே நேரத்தில் ஓடினால் ஏறத்தாழ 670 வாட். மிக்சி கிளம்பும் நொடியில் தன் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். ஆகவே 1,000 வாட் இன்வர்ட்டர், சில நொடிகள் 2,000 தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும். 12 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட் எடுத்ததன் காரணமும் இங்கே விளங்கும். வோல்ட் இரட்டிப்பானால் ஆம்பியர் பாதியாகும். அதே கம்பியில் இழப்பு நான்கில் ஒன்றாகும். பேட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் இடையே குட்டையான, தடித்த கம்பியும் பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூசும் கட்டாயம். ஈய அமில பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அதைப் படுக்கும் அறையில் வைக்கக் கூடாது.

கிணற்று மோட்டாரை இந்த அமைப்பில் சேர்க்கவே வேண்டாம். அதற்குத் தனித் தகடு போட்டு, பகலில் மட்டும் ஓட்டி, மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீரைச் சேர்த்து வைப்பது மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதைவிட மலிவு. இந்திய அரசு 2019இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டம் இத்தகைய தனித்த சூரிய மோட்டார்களுக்கு மானியம் தரும் நோக்கம் கொண்டது.

குறைத்துக் கேட்பவருக்கே நிறையும்

பழைய மின்விசிறிக் கணக்குக்குத் திரும்புவோம். 1,810 வாட்மணிக்கு 754 வாட் தகடும், 335 ஆம்பியர்மணி பேட்டரியும் வேண்டும். அதாவது தகடு இரண்டு, 200 ஆம்பியர்மணி பேட்டரி நான்கு. இரண்டே இரண்டு மின்விசிறிகளை மாற்றினால் ஒரு தகடும் இரண்டு பேட்டரிகளும் மிச்சம்! சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இந்தச் சிந்தனையை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு சென்றவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும். தகடு தருவதும் பேட்டரி சேமிப்பதும் நேர்மின்னோட்டம். எல்.இ.டி. விளக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறியும் உள்ளே பயன்படுத்துவதும் அதுவே. நடுவில் மாறுமின்னோட்டமாக்கி மீண்டும் திருப்புவது எதற்கு என்று கேட்டு, இன்வர்ட்டரையே நீக்கி 48 வோல்ட் நேர்மின் அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். ராஜஸ்தானின் ஜோத்பூர், ஜெய்சல்மர் மாவட்டங்களில் மின்கம்பி எட்டாத ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு அது சென்றது. வீட்டுக்கு 125 வாட் தகடும் ஏறத்தாழ ஒரு கிலோவாட்மணி பேட்டரியும் போதுமானதாக இருந்தன.

பூன் லே வீட்டுக்குப் போட்டுப் பார்த்தால்?

நான்கறை வீடு ஒன்றின் மாதப் பயன்பாடு 360 யூனிட் என்று கொள்வோம். நாளுக்கு 12 யூனிட். இதே கணக்கில் 5,000 வாட், அதாவது 540 வாட் தகடுகள் பத்து. ஒன்று ஏறத்தாழ 2.6 சதுர மீட்டர், மொத்தம் 26. வீட்டின் பரப்பு 90 சதுர மீட்டர், புளோக் 12 மாடி என்றால், கூரையில் ஒரு வீட்டின் பங்கு ஏழரைச் சதுர மீட்டர்தான். குளிர்சாதனத்தை நிறுத்தினாலும் எட்டுவது கடினம். அடுக்குமாடி வாழ்க்கைக்குப் பொதுக் கட்டமைப்பு ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை எடுத்து, 30ஆல் வகுத்து, இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஊரில் யாரேனும் "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்று கேட்டால், விடை சொல்லும் முன் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் என்னென்ன, எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதச் சொல்லுங்கள். அத்தாளில் ஐந்தாறு வரிகள்தாம் இருக்கும். கடல் கடந்து உழைத்துச் சேர்த்த பணத்தை அந்த வரிகள் காப்பாற்றும்.